ஜும்ஆ முடியும்வரை ஒரு மந்திக்குட்டி

நம் வனஜீவராசிகள் அலுவலகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

நான் ஓய்வுபெற்ற அன்று நீங்கள் வைத்த தேநீர் விருந்தில் உங்களில் ஒருத்தி என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள், நான் ஆபிரிக்காவுக்குப் போய் கொரில்லா பார்த்திருக்கிறேனா என்று. இல்லை என்றேன். போர்னியோவுக்காவது? அதுவும் இல்லை என்றேன். பிள்ளையின் முகம் விழுந்துபோயிற்று. இவ்வளவு காலமும் இந்த மனிசி என்னத்தைத்தான் செய்தாளோ என்று நினைத்திருப்பாள்.

கோபமில்லை. உங்கள் எல்லோருடைய போனிலும் மனிதக்குரங்குப் படம் இருக்கிறது, எனக்குத் தெரியும். நானும் அப்படி ஒரு படத்தைப் பார்த்து மயங்கித்தான் இந்தப் படிப்புக்கு வந்தேன். கிடைத்தது வால் உள்ள சாதி. புத்தளத்துக்கு வடக்கே களப்புக் கரையோடு ஒட்டிக்கொண்டு போகிற இந்த ஒதுக்கக் காட்டின் மந்தி. முகம் கறுப்பு, உடம்பு சாம்பல், உடம்பைவிட நீண்ட வால். சிங்களத்தில் வந்துரா என்பார்கள். அதற்குப் பின்னால் நடந்தே என் முழங்கால் தேய்ந்தது. ஒரு நாளாவது அதைக் குறைச்சலாக நினைத்தேனா என்று கேட்டால், சத்தியமாக இல்லை.

என் சொந்த ஊர் கண்டக்குழி. இன்றைக்கும் அங்கே தம்பி வீட்டுக்குப் போனால், கரையில் வலை உதறிக்கொண்டிருப்பவர்கள் "மந்தி மிஸ் வந்திருக்கிறா" என்றுதான் சொல்வார்கள். சிலர் பகிடிக்குச் சொல்வது எனக்கு விளங்காமலில்லை. சொல்லட்டும். பல்கலைக்கழகம் தந்த பட்டத்தை அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். ஊர் தந்த பட்டத்தைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறேன்.

கூட்டத்தைப் பின்தொடர்வது, எண்ணுவது, அறிக்கை எழுதுவது எல்லாம் உங்களுக்கு மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். நான் ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றி மட்டும் சொல்லப்போகிறேன். என் வேலைக் காலத்தில் எந்த நாளை நினைத்துப் பெருமைப்படுகிறாய் என்று யாராவது கேட்டால் நான் அந்த நாளைத்தான் சொல்வேன்.

முதலில் அந்த நேரத்து நிலைமையை விளங்கிக்கொள்ளுங்கள். காட்டோரத்தில் தோட்டம் செய்கிறவர்களுக்கும் எங்களுக்கும் கதைபேச்சு அவ்வளவு நல்லாயில்லை. மழை பிந்திய வருசம். காட்டுக்குள் இலை காய்ந்துபோக, மந்திகள் வேலியைத் தாண்டிப் பயற்றங்காய்ப் பந்தலுக்கும் முருங்கைக்கும் வந்தன. தென்னையில் ஏறிக் குரும்பையைக் கடித்துப் போட்டன. தேங்காய் விற்கிற விலைக்குக் குரும்பை உதிர்வதைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்குத்தான் மனம் வரும்? சனம் எங்களை ஏசியது. எங்கள் ஆட்களும் காக்கிச் சட்டையோடு போய், யானைக்குப் போடுகிற வெடியைக் கொளுத்தி எறிந்து, கூட்டத்தைக் காட்டுக்குள் துரத்திவிட்டு வருவார்கள். அப்போது அதுதான் வழக்கம். வெடி போட்டால் ஊருக்குத் திருப்தி, எங்களுக்கும் ஏதோ வேலை செய்த திருப்தி. அந்த வெடி பின்னால் எங்கே போய் வெடிக்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று மண்ணை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டிருந்த காலம். அந்த வெள்ளிக்கிழமை காலை ஹனீபா நானா அலுவலகத்துக்குப் போன் எடுத்தார். உங்களில் மட்டக்களப்பிலிருந்து வந்தவர்கள் காக்கா என்பீர்கள், இங்கே முஸ்லிம் ஊர்களில் அண்ணனை நானா என்பார்கள். அவருடைய தோட்டம் காட்டுக்கும் ஊர் வீதிக்கும் நடுவில். எங்களோடு முகம் கொடுத்துக் கதைக்காத ஆட்களில் முதலாமவர் அவர்தான்.

"உங்கட ஆள் ஒண்டு எங்கட வலையில மாட்டி இரிக்கி. வாறதெண்டா இப்பவே வாங்க. இல்லாட்டி நான் என்ட வேலையப் பாக்குறன்."

அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார். சாரதி அன்ரன் அண்ணன் ஜீப்பை எடுத்தார். அன்ரன் அண்ணன் கைகாரர், தைரியசாலி, எதையும் உடனே செய்து முடிக்க வேண்டும் என்கிற மனிதர். பாதி நேரம் அது எங்களுக்கு உதவி, மீதி நேரம் அவரைப் பிடித்து நிறுத்துவதே எனக்கு வேலை.

போய்ப் பார்த்தால் தோட்டம் நிறையச் சனம். மந்தி வந்து பயிர் தின்றபோது எட்டிப் பார்க்காதவர்கள்கூட வந்திருந்தார்கள். ஆளுக்கொரு போன் கையில். பயற்றங்காய்ப் பந்தலைச் சுற்றி ஹனீபா நானாவின் மச்சான் கொடுத்த பழைய தங்கூசி வலை கட்டியிருந்தது. தங்கூசி என்றால் கண்ணாடிபோல் இருக்கிற மெல்லிய நைலோன் நூல். தண்ணீருக்குள் மீனுக்குத் தெரியாது, வெயிலில் மந்திக்கும் தெரியாது. அந்த வலையின் அடியில் ஒரு குட்டி உருண்டு கிடந்தது. தாயின் வயிற்றிலிருந்து இறங்கி விளையாடத் தொடங்கியிருக்கிற, ஆனால் பால் இன்னும் மறக்காத பருவம். கத்திக் கத்திக் குரல் கம்மிப்போயிருந்தது. ஒரு கையும் தலையும் வெளியே, மற்றதெல்லாம் நூல்.

பக்கத்துப் புளியமரத்தில் தாய். சனம் அசைந்தால் மேலே ஏறும், குட்டி கத்தினால் கீழே இறங்கும். அதற்குப் பின்னால் கூட்டத்தின் தலைவனான கடுவன் ஒரு தென்னையில் குந்திக்கொண்டு உறுமியது. மற்றதுகள் வேலிக்கு அப்பால்.

இதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, கேற்றடியில் மூடி திறந்து வைத்திருந்த பெயின்ட் வாளி. தோணிக்குப் பூசுகிற கடும் நீலம். வாளிக்கு மேல் பிறஷ் ஒன்று தயாராக இருந்தது.

உங்களில் ஊர்ப்பக்கம் வளர்ந்தவர்களுக்கு உடனே விளங்கியிருக்கும். பயிர் செய்கிறவர்களிடம் இப்படி ஒரு கைவைத்தியம் இருக்கிறது. குரங்கு ஒன்று அகப்பட்டால் அதற்குப் பெயின்ட் பூசிவிட்டு விடுவார்கள். அது தன் கூட்டத்தைத் தேடி ஓடும். கூட்டம் இது என்ன பேயோ என்று பயந்து ஓடும். இது துரத்தத் துரத்த அதுகள் ஓட ஓட, தோட்டம் தப்பிவிடும் என்பது கணக்கு. கேட்கச் சிரிப்பாக இருக்கும். பெரிய குரங்கென்றால் சில நேரம் பலித்தும் இருக்கிறது. ஆனால் இது பால்குடிக் குட்டி. இதற்குப் பூசினால் தாய் ஓடும், குட்டியால் பின்னால் ஓட முடியாது. பெயின்டை நக்கி நக்கியே அது செத்துப்போகும்.

நான் ஹனீபா நானாவிடம் போய்ச் சலாம் சொன்னேன். பதில் சொன்னார், முகத்தைப் பார்க்கவில்லை. தொழுகைக்குப் போக வெள்ளைச் சாரமும் சேட்டும் போட்டுத் தயாராக நின்றார்.

அவருக்குப் புத்தி சொல்லப் போகவில்லை நான். அதை நீங்கள் கவனிக்க வேண்டும். வனம், சட்டம், தண்டம் என்று ஒரு சொல் எடுத்திருந்தால் அந்த இடத்திலேயே பிறஷ் வாளிக்குள் இறங்கியிருக்கும். அவர் பந்தல் பக்கம் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். கொடியெல்லாம் பிய்ந்து தொங்கியது. நான் பார்த்தேன், உண்மையாகவே பார்த்தேன். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே கதைக்கவில்லை. பிறகு ஒன்று மட்டும் கேட்டேன்.

"நானா, இந்தக் கூட்டம் இங்கயிருந்து போகோணும் எண்டுதானே நீங்க பூசப் போறீங்க?"

"பின்ன? அழகுக்கா?"

"குட்டி கிடக்கிறவரைக்கும் தாய் போகாது. தாய் போகாட்டி கடுவனும் போகாது. நீங்க பூசினா குட்டி உங்கட வளவுக்குள்ளதான் கிடந்து சாகும். கூட்டம் இங்கயே கிடக்கும். தாய் வந்து தூக்கிச்செண்டா இப்பவே காட்டுக்குப் போயிடும்."

அவர் தாடியைத் தடவிக்கொண்டு புளியமரத்தைப் பார்த்தார். ஆள் கோபக்காரர், ஆனால் மொக்கரல்ல.

இதற்கிடையில் எங்கள் மிருக வைத்தியருக்குப் போன் எடுத்திருந்தேன். அவருடைய பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. மாவட்டத்தின் மறுகோடியில், குழிக்குள் விழுந்த யானை ஒன்றோடு நின்றார். மாலைக்கு முன்னால் வர வழியில்லை. குட்டியை ஈரச் சாக்கில் சுற்றி மிருகப் பராமரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோ என்றார். அதுதான் விதிப்படி சரியான விடை. உங்கள் பரீட்சையில் வந்தால் அதையே எழுதுங்கள், புள்ளி கிடைக்கும்.

ஆனால் நிலையத்துக்குப் போன மந்திக்குட்டி எதுவும் திரும்பிக் காட்டுக்குப் போனதை நான் கண்டதில்லை. போத்தல் பாலில் வளரும், ஆட்களோடு பழகும், பிறகு சாகும்வரை கம்பிக்குள் கிடக்கும். தாய் இதோ என் கண்ணுக்கு முன்னால் மரத்தில் இருக்கிறது, எனக்குக் கொஞ்ச நேரம் தாருங்கள் என்றேன். அவருக்குப் பின்னால் யானை அலறுவது கேட்டது. பிறகு சிங்களத்தில் சொன்னார், நான் தமிழில் தருகிறேன்: "அந்தத் தாயை நான் காணவில்லை. நீ காண்கிறாய். காண்கிற ஆள்தான் முடிவெடுக்க வேண்டும். பிழையாகப் போனால் நான் சொல்லித்தான் செய்தாய் என்று சொல்."

இப்படி ஒரு சொல்லைத் தன் கீழே வேலை செய்கிறவருக்குக் கொடுக்கிற மேலாளர்கள் எத்தனை பேர்? நீங்கள் மேலே வரும்போது, யாருக்காவது ஒருமுறையாவது அந்தச் சொல்லைக் கொடுங்கள். அந்த வெயிலில் எனக்கு அது ஒரு குடம் தண்ணீர் குடித்தது மாதிரி இருந்தது.

எனக்குத் தேவைப்பட்டது சனமில்லாத நேரம். சனத்தைப் போகச் சொல்ல எனக்கு அதிகாரம் இருந்தது, சொன்னால் ஒருவரும் போகமாட்டார்கள் என்பதும் தெரியும். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. இன்னும் சற்று நேரத்தில் பள்ளிவாசலில் பாங்கு சொல்வார்கள். அந்த ஊரில் ஜும்ஆத் தொழுகை நேரத்தில் வீதியில் ஒரு மோட்டார் சைக்கிள் ஓடாது, ஒரு கடைக் கதவு திறந்திருக்காது. உலகத்தில் எந்தப் பொலிசும் செய்ய முடியாத வேலையை அந்தப் பாங்கு செய்யும்.

"நானா, நீங்க ஜும்ஆ முடிஞ்சு வரும்வரைக்கும் எனக்குத் தாங்க" என்றேன்.

அவர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான் வரக்குள்ள குட்டி இங்க இருந்திச்செண்டா பெயின்ட்தான். பொறகு நீங்க கத கதைக்கப்படாது."

"கதைக்கமாட்டன்."

"வலைய வெட்டுறதெண்டா வெட்டுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பாங்கு சொன்னது. சனம் போன்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு கலைந்தது. வீதி வெறுமையாயிற்று. தோட்டத்தில் மிஞ்சியது நான், அன்ரன் அண்ணன், ஹனீபா நானாவின் மனைவி றஹ்மா ராத்தா, அவ்வளவு பேர்தான். ராத்தா என்றால் இங்கே அக்கா. அவர் வேலியோரம் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் மந்தி என்றால் கொதிதான். அன்று காலையில் குட்டியைக் கண்டு முதலில் சத்தம் போட்டவரே அவர்தானாம்.

நான் வலைப் பக்கம் இரண்டு எட்டு வைத்தேன். புளியமரத்தில் தாய் ஒரே பாய்ச்சலில் உச்சிக்குப் போய், அங்கிருந்து வேலிக்கு அப்பால் பாய்ந்தது. கடுவன் குரைத்தது. முழுக் கூட்டமும் பின்வாங்கியது. சனம் நின்றபோது மரத்தைவிட்டுப் போகாத தாய், சனம் போன பிறகு எதற்கு ஓடுகிறது? நான் பின்னுக்கு வந்தேன். அது மெல்லத் திரும்பிப் புளிக்கு வந்தது. அன்ரன் அண்ணன் தண்ணீர்ப் போத்தலோடு ஜீப்பிலிருந்து இறங்கினார். மறுபடி பாய்ந்தது.

அந்த நேரம் றஹ்மா ராத்தா தன் பாட்டில் மிளகாய்த் தட்டைத் தூக்கிக்கொண்டு புளியமரத்துக்குக் கீழாலேயே நடந்து போனார். தாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. காக்கி. அதே தோட்டத்தில், அதே தென்னைகளுக்குக் கீழே, எங்கள் ஆட்கள் இந்தச் சட்டையோடு வந்துதான் வெடி எறிந்தார்கள். சனம் கல்லெறியும், கத்தும். காக்கிதான் இடி மாதிரி வெடிக்கும். காலையில் சனத்துக்குள் நின்றபோது என் சட்டை அதற்குத் தனியாகத் தெரியவில்லை. அதுகளை ஆபத்திலிருந்து காப்பாற்ற என்று தைத்த சட்டையைக் கண்டுதான் அதுகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகின்றன. அந்த வெடி இப்போதுதான் வெடித்தது, என் காதுக்குள்.

அன்ரன் அண்ணனை ஜீப்பை எடுத்துக்கொண்டு வீதி வளைவுக்கு அப்பால் போய் நிற்கச் சொன்னேன். அவருக்கு விருப்பமில்லை. கத்தியைக் காட்டி, ஒரு வெட்டு வெட்டிக் குட்டியைத் தூக்கிக்கொண்டு போவோம், பின்னேரத்துக்குள் நிலையத்தில் இருக்கலாம் என்றார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. கத்தியை வாங்கிக்கொண்டு அவரை அனுப்பினேன்.

பிறகு றஹ்மா ராத்தாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

"மிஸ்ஸுக்கு ஹபாயா போடப் பிரச்சினை இல்லையே?" என்றார்.

வீட்டுக்குள் போய், கழுத்திலிருந்து கால்வரை மூடுகிற கறுப்பு ஹபாயா ஒன்றும் முக்காடும் கொண்டுவந்து, தன் கையாலேயே போட்டுவிட்டார். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடச் சொன்னேன். எங்கள் தடிமல், சளி குட்டிக்குத் தொற்றக்கூடாது என்பது நம் தொழிலின் விதி. கொரில்லாக்காரர்கள் அதற்கென்று முகமூடி போடுகிறார்கள், எனக்கு முக்காடு போதும். வெளியே கறுப்பு ஹபாயா, உள்ளே காக்கி, அதற்கும் உள்ளே கழுத்தில் செபமாலை. தலவிலத் தேவாலயத்து அன்னம்மாவை நினைத்துக்கொண்டு, ராத்தாவின் நடையைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி மெல்ல வலைப் பக்கம் நடந்தேன். தாய் ஒரு கிளை ஏறியது, ஓடவில்லை.

வலையின் ஓரத்தை மட்டும் வெட்டி, குட்டியைச் சுற்றியிருந்த துண்டோடு அப்படியே தூக்கி மடியில் வைத்தேன். இனித்தான் வேலை. எங்கள் வீடு நண்டு வலை வீடு. சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகமுதல் நண்டு கழற்றிவிட்டுத்தான் போவேன். வலைக்குள் கத்தி வைத்தால் அப்பா கையில் அடிப்பார். வெட்டினால் நூல் தொய்ந்துவிடும், தொய்ந்தால் எது எங்கே போகிறது என்று தெரியாது, எங்கேயோ ஒரு சுற்று இறுகிப்போய்க் கிடக்கும். நூலை வெளியிலிருந்து உள்ளே தொட்டுக்கொண்டே போக வேண்டும். நண்டுக்குப் படித்த அந்தப் பாடம் மந்திக்கு உதவுமென்று அப்பாவுக்கு யார் சொல்வது?

குட்டி கடித்தது, பீச்சியது, ராத்தாவின் ஹபாயா நாறிப்போயிற்று. வலை ஒவ்வொரு கண்ணாகக் கழன்றது. கடைசிக் கண்ணும் போய்க் குட்டியின் கை கால் நான்கும் வெளியே வந்தபோது ராத்தா மூச்சு விட்டு "அல்ஹம்துலில்லாஹ், விடுங்க மிஸ்" என்றார்.

விடவில்லை. இடது கை எனக்குப் பிடிக்கவில்லை. மற்றக் கை என் முக்காட்டை இறுக்கிப் பிடித்திருக்க, அது மட்டும் தொங்கியது. விரல் குளிர்ந்திருந்தது. கண்ணால் பார்த்தால் ஒன்றுமில்லை. மயிரை விரலால் விலக்கிக்கொண்டு போனால், அக்குளுக்குச் சற்றுக் கீழே, தோலுக்குள் புதைந்து ஒற்றை நூல். எந்த வலைத் துண்டோடும் தொடர்பில்லாமல், ஒரு மோதிரம் மாதிரி. அப்படியே விட்டிருந்தால் தாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும், நாங்கள் கைதட்டியிருப்போம், அந்தக் கை அழுகி அது காட்டுக்குள் எங்கோ செத்திருக்கும். பிள்ளைகளே, விட்டாச்சு என்று எல்லோரும் சொல்கிற நேரத்தில் இன்னொரு தடவை தடவிப் பாருங்கள். நான் உங்களுக்குக் கெஞ்சிச் சொல்கிற ஒரே விசயம் அதுதான்.

நகத்தால் அந்த நூலைக் கிளப்பி, கத்தி நுனியால் அறுத்தேன். கொஞ்சம் இரத்தம் வந்தது. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

புளிக்குக் கீழே பழைய தென்னங்குற்றி ஒன்று இருந்தது. குட்டியை அதன்மேல் வைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் தோட்டத்துக் கொட்டிலுக்குப் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். ராத்தா தண்ணீர் வைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எங்கள் கையால் அதற்கு எதுவும் கொடுக்கக்கூடாது. சிறங்கைத் தண்ணீர் கொடுக்காமல் ஒரு உயிரைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர் முகத்தில் தெரிந்தது.

தாய் இறங்கவில்லை. அடிக்கிளை வரை வரும், திரும்பிப் போகும். குட்டியும் களைத்துப்போய்க் கத்துவதை நிறுத்திவிட்டது. அது கத்தினால்தான் தாய் வரும். நான் ஓரக்கண்ணால் பார்த்தபடியே இருந்தேன். அப்போது தூரத்தில் முதல் மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. ஜும்ஆ முடிந்துவிட்டது.

நான் கொடுத்த வாக்கும் அதோடு முடிந்தது. எழும்பிப்போய்க் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். தூக்கினால் அது கம்பிக்குள் போவது நிச்சயம். தூக்காவிட்டால் நீலப் பெயின்ட். இரண்டுக்கும் நடுவில், மரத்தில் ஒரு தாய், இறங்குமோ இறங்காதோ தெரியாது. நான் எழும்பவில்லை. அது துணிவா, கால் வரவில்லையா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

கேற்றடியில் ஹனீபா நானா வந்து இறங்கினார். அவருக்குப் பின்னால் காலையில் நின்ற அதே சனம், போன்கள் திரும்பவும் கையில். அவர் கொட்டிலில் இரண்டு ஹபாயாக்களைக் கண்டு, வீட்டுக்கு யாரோ பெண் விருந்தாளி வந்திருக்கிறார் என்று நினைத்துப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். பிறகு மறுபடி பார்த்தார். என் கால் சப்பாத்தைக் கண்டிருக்க வேண்டும். நான் விரலை வாயில் வைக்கவில்லை, கையெடுத்துக் கும்பிடவுமில்லை. தென்னங்குற்றியை மட்டும் பார்த்தேன்.

அவர் குற்றியைப் பார்த்தார். அதன்மேல் சுருண்டு கிடந்த குட்டியைப் பார்த்தார். புளியின் அடிக்கிளையில் ஒரு கையைக் கீழே நீட்டிக்கொண்டிருந்த தாயைப் பார்த்தார். வாளி அவர் காலடியில்தான் இருந்தது.

அவர் திரும்பாமலேயே இரண்டு கைகளையும் அகல விரித்தார். கேற்றுக்குக் குறுக்கே, வெள்ளைச் சேட்டோடு, அப்படியே நின்றார். பின்னால் வந்த சனம் அவருடைய கைகளில் முட்டி நின்றது. யாரோ என்ன நானா என்று தொடங்க, அவர் தொண்டைக்குள்ளே ஒரு சத்தம் போட்டார். அந்த ஆள் வாயை மூடிக்கொண்டார். ஒரு ஊர் முழுக்க அந்தக் கேற்றுக்கு வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கை வலித்திருக்கும், அவர் இறக்கவில்லை.

குட்டி ஒரு தடவை முனகியது. தாய் இறங்கியது. வெட்ட வெளியில் மண்ணில் கால் வைத்து, எங்களையும் பார்க்காமல் சனத்தையும் பார்க்காமல் நேரே குற்றிக்கு வந்து, குட்டியை அள்ளி வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. இடது கையை எடுத்து மோந்து பார்த்தது. பிறகு வேலி தாண்டி ஒரே ஓட்டம். கடுவன் தென்னையிலிருந்து குதித்தது, கூட்டம் முழுக்க அதன் பின்னால் காட்டுக்குள் போயிற்று.

ஹனீபா நானா கைகளை இறக்கித் தோளைத் தடவிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஜும்ஆ முடிஞ்சு நேரமாயிட்டு, மிஸ்."

"ஓம் நானா, தெரியும்."

அவர் குனிந்து வாளியின் மூடியைத் தேடி எடுத்து அழுத்தி மூடினார். "தோணிக்கு வாங்கினதுதானே" என்றார். "தோணிக்கே பூசுவம்."

ஹபாயாவைக் கழுவித் தருகிறேன் என்றேன். றஹ்மா ராத்தா விடவில்லை. நீங்களே வைச்சிருங்க மிஸ், உங்களுக்கு இன்னும் தேவைப்படும் என்றார். உண்மையாகவே தேவைப்பட்டது. அன்றைக்குப் பிறகு அந்தக் கரையில் எங்கள் ஆட்கள் காக்கியோடு வெடி எறிவதை நான் நிறுத்தினேன். மேலிடத்தில் சண்டை பிடித்துத்தான் நிறுத்தினேன், மிருக வைத்தியர் என் பக்கம் நின்றார். பந்தல்களிலிருந்து தங்கூசியைக் கழற்றிவிட்டு, கண்ணுக்குத் தெரிகிற தடித்த கயிற்று வலை கட்ட வைத்தது ஹனீபா நானா. நான் சொன்னபோது கேட்காத சனம் அவர் சொன்னபோது கேட்டது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் கைகளை விரித்து நின்றதைக் கண்ட சனம் அது.

மந்தி வருவது நின்றுவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. இன்றைக்கும் வருகிறது, தின்கிறது. அவர் இன்றைக்கும் ஏசுகிறார். காட்டையும் தோட்டத்தையும் பிரித்து ஒரு சுவர் கட்டினேன் என்று நான் பொய் சொல்லப்போவதில்லை. அந்தப் பக்கத்தில் பிறகு ஒரு குட்டிக்கும் பெயின்ட் பூசவில்லை, ஒரு மந்தியையும் துவக்கால் சுடவில்லை. நான் பெருமைப்பட அது எனக்குப் போதும்.

அந்தக் குட்டி பெண் குட்டி. இடது கையில் நூல் இருந்த இடத்தில் மயிர் வெள்ளையாக முளைத்து, காப்புப் போட்ட மாதிரி ஒரு வளையம் இருக்கும். நீங்கள் கூட்டத்தைப் பின்தொடரும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

தேநீர் விருந்து முடிந்து நான் வீட்டுக்குப் போன பிறகு போன் அடித்தது. ஹனீபா நானா. நான் ஓய்வுபெற்றுவிட்டேன், இனிப் புதுப் பிள்ளைகளுக்குத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்கவில்லை.

"மிஸ், அந்தக் காப்புக்காரி வந்து இரிக்கி. வகுத்துல ஒரு குட்டி தொங்குது. றஹ்மாக்குப் பக்கத்துல, அதே குத்தியில குந்திக்கிட்டுப் பயத்தங்கா திண்டுது. நான் கேற்றடியில நிக்கிறன். ஆரையும் உள்ள விடல்ல."

அவருடைய இலக்கத்தை உங்களுக்குத் தந்துவிட்டுப் போகிறேன். ஹபாயா அலுவலக அலுமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. பெண் பிள்ளைகள் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆண் பிள்ளைகள் காக்கியைக் கழற்றி ஜீப்பில் வைத்துவிட்டு, கேற்றடியில் அவரோடு நில்லுங்கள்.